இருமலும் ஒரு நாள் கூலியும்



பெங்களூரில் ஆஸ்டின் டவுனை ஒட்டி நீலசந்திரா என்றொரு பகுதி உண்டு. அதன் சந்துகளில் நடப்பவர் காதில் தமிழ்ப் பேச்சு விழாமற் போகாது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள் பெங்களூரின் இத்தகைய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அங்கே கட்டட வேலை செய்யும் ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. போகாவிட்டாலோ, நோயின் தன்மை அறியாத பாமரர் என்ற பெயர் வந்து சேரும்.

அந்தப் பெயர் நியாயந்தானா என்று ஆராய்ந்தவர்கள் இதே நகரத்தில் இருந்தனர். 1960ஆம் ஆண்டு நேரு அவர்கள் திறந்து வைத்த தேசியக் காசநோய் நிலையம் பெங்களூரில் உள்ளது. அந்நிலையத்தைச் சார்ந்த டி. பானர்ஜியும், டென்மார்க் நாட்டவரான ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் நோயாளிகளை வீடு தேடிச் சென்று விசாரித்தார்கள். ‘உமக்கு என்ன செய்கிறது, அதற்கு நீர் என்ன செய்தீர்?’ என்பதே விசாரணையின் சாரம். 1963இல் முடிவு வெளியாயிற்று. சளியில் கிருமி காணப்பட்டவர்களில் 100க்கு 95 பேர் தம் உடலில் ஏதோ கோளாறு என்று உணர்ந்திருந்தனர். 72 பேர் அதற்காகக் கவலைப்பட்டனர். 52 பேர் மருத்துவ நிலையங்களை நாடிப் போயும் இருந்தனர். போனவர்களிற் பலருக்குக் கிடைத்தது என்ன? ஒரு புட்டி இருமல் மருந்து!

அறியாமை எந்தப் பக்கம் இருந்தது என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். நோயாளி மருத்துவமனையின் வாயில் வரை வந்துவிட்டார். அவருடைய சளியைச் சோதித்துப் பார்க்கத்தான் ஆளில்லை. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், சாதாரண மருத்துவமனைகளிலேயே சளிப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று வகுத்ததற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே அடிப்படை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சென்னையில் மற்றொரு சோதனை நடந்தது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை நெரிசலான சொந்த வீடுகளிலும் வைத்து, ஓராண்டுக் காலம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் உண்டு; வீட்டில் அவை அரிது. ஆயினும் குணமடைவதில் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. உடன் வாழ்ந்தோருக்கு அதனால் தொற்று மிகுதியாகவும் இல்லை. 1959இல் இது வெளியானபின், மனைவி மக்களை விட்டு மாதக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டிய அவசியம் படிப்படியாக நீங்கிற்று. கூலிக்காரக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நோயைத் தீர்க்க மருந்து போதும் என்றதைச் சிலர், சோறு தேவையில்லை என்று பொருள் கொண்டுவிட்டனர். மங்களூர் மருத்துவப் பேராசிரியர் அனுராக் பார்கவா குழுவினர் ஜார்க்கண்டில், காசநோயாளிகளின் வீட்டாருள் 10,000க்கும் மேற்பட்டோரைக் கண்காணித்தார்கள். ஒரு சாராருக்கு மாதந்தோறும் அரிசி, துவரம்பருப்பு, ஊட்டச்சத்து மாத்திரை ஆகியவை கிடைத்தன. அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என 2023இல் அறிவித்தனர். வீட்டிலுள்ளோர் வயிறு காய்ந்திருந்தால், ஒருவர் குணமாகுமுன் அடுத்தவர் இருமத் தொடங்குவார் போலும்.

வெளி மாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு ஒரு செய்தி. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், எந்த மாநிலத்து அரசு மருத்துவ நிலையத்திலும் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம், மருந்தும் இலவசமே. சிகிச்சைக் காலத்தில் உணவுக்காக மாதம் 500 ரூபாய் என்றிருந்த உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது. வேலை நிமித்தம் ஊர் மாற நேர்ந்தால் முன்கூட்டியே அந்நிலையத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் பதிவைப் புதிய ஊருக்கு மாற்றித் தருவார்கள். மருந்து இடையில் நிற்க வேண்டியதில்லை.