தொடக்க ஊதியமும் தொடக்கக் கல்வியும்

ஆசிரியர் ஊதியம் என்றதும் நம் பேச்சு உச்சத்துக்கே போய்விடுகிறது. ஓய்வுபெறும் தறுவாயிலுள்ள தலைமையாசிரியரின் சம்பளத்தைச் சொல்லி, அரசுப் பள்ளி ஆசிரியருக்கு என்ன குறை என்று கேட்டு முடித்துவிடுகிறோம். ஆனால் பணிக்காலம் முழுவதையும் நிர்ணயிப்பது முதல் மாதச் சம்பளம். தமிழ்நாட்டில் 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் பழைய 4,500 ரூபாய், ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி 1.86ஆல் பெருக்கப்பட்டு 8,370 ஆயிற்று. மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. தர ஊதியம் இருவருக்கும் 2,800தான். நடத்தும் வகுப்பும் பாடநூலும் ஒன்றுதான். அகவிலைப்படியும் 3 விழுக்காடு ஆண்டு ஊதிய உயர்வும் இந்த அடித்தொகையை ஒட்டியே கணக்கிடப்படுவதால், 3,170 ரூபாய் வேறுபாடு ஆண்டுதோறும் வளர்ந்தது. ஏழாவது குழுவின் 2.57 அதையும் சேர்த்தே பெருக்கியது. இன்று அந்தப் பதவியின் தொடக்கம் 20,600. கேந்திரிய வித்யாலயாவின் தொடக்க நிலை ஆசிரியருக்கு 35,400.

இதே காலத்தில் பணிக்கான வாசல் குறுகியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னவர்களில் பலர் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வந்தவர்கள். பின்னவர்களில் பலருக்குத் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. 2012இல் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தகுதியைக் கூட்டிக் கேட்டு ஊதியத்தைக் குறைத்துக் கொடுத்தது விந்தையான நிர்வாகம்.

குறைந்த சம்பளம் என்று தெரிந்துதானே சேர்ந்தார்கள் என்பார்கள். வேலையில்லாதவரின் சம்மதத்தை நியாயத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற அரசியலமைப்பின் 39(ஈ) பிரிவு அத்தகைய சம்மதத்தைக் கேட்கவுமில்லை. வலுவான மறுப்பு வேறொன்று. இந்தோனேசியாவில் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் ஊதியம் ஏறத்தாழ இரட்டிப்பானது. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி ஆசிரியர்களின் பணக்கவலை குறைந்தது, பக்கவேலை குறைந்தது. மாணவர் கற்றலோ உயரவில்லை. இதை மழுப்பாமல் ஏற்க வேண்டும். சம்பளம் கூடினால் மதிப்பெண் கூடும் என்று சங்கங்கள் வாக்களிப்பது வீண். ஆனால் அந்த ஆய்வு அளந்தது ஏற்கெனவே பணியில் இருந்தவர்களை, அதுவும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு. தொடக்க ஊதியம் முடிவுசெய்வது, இனி யார் இந்தப் பணிக்கு விண்ணப்பிப்பார்கள் என்பதை. அதை அறியத் தலைமுறைக் கணக்கு வேண்டும்.

நிதிச்சுமை உண்மையானதுதான். அதற்கும் நிர்வாகத்தில் பழகிய வழி உண்டு. முன்தேதியிட்டு ஊதியத்தைக் கருத்தியலாக நிர்ணயித்து, பணப்பயனை ஆணை வெளியாகும் நாளிலிருந்து மட்டும் வழங்கினால் நிலுவை என்ற பெருந்தொகை எழாது. ஆசிரியர்கள் இழந்த ஆண்டுகளின் பணம் திரும்பாது. அந்த இழப்பை அவர்கள் ஏற்க வேண்டுமென்று கேட்கும் அரசு, தேதியை வைத்து ஒரே பதவியை இரண்டாகப் பிரிக்கும் முறையை அடுத்த ஊதியத் திருத்தத்தில் தொடராது என்பதை அதே ஆணையில் எழுதித் தர வேண்டும்.