பெயர் வெட்டிய தூக்கு: நம்மவர் நூல்களைச் செப்பனிடுவதும் அட்டை போடுவதும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் நூல்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நம் தோழர் ஒரு நூலும் எழுதவில்லை. அவர் மெய்ப்புப் பார்த்தார். அச்சுப்படிகளை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு எழுதியவர்களின் வீடு வீடாகப் போனார். நம்மில் பலருடைய முதல் புத்தகத்தில் அவருடைய சிவப்பு மை உண்டு, பெயர் இல்லை. நன்றியுரையில்கூடப் போட விடமாட்டார். அதனால் அவர் செய்த வேலையைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தோம். மாணவத் தோழர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். சிலர் பையில் கைப்பிரதியோடுதான் வந்திருப்பீர்கள், எங்களுக்குத் தெரியும்.

சொந்தக் காசில் புத்தகம் போடுவதென்றால் இலக்கிய உலகில் ஓர் இளக்காரம் இருக்கிறது. பதிப்பகம் கிடைக்காதவர் செய்கிற காரியம் என்பார்கள். 1936இல் லாகூரின் ஜாத்பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க பாபாசாகேப் அம்பேத்கரை அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் பதில் எழுதினார். மாநாடு நடக்கவில்லை. அந்த உரையைத் தன் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். இரண்டு மாதத்தில் தீர்ந்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு வருவதற்குள் தமிழிலும் குஜராத்தியிலும் வந்துவிட்டது. ‘சாதி ஒழிப்பு’ ஒரு சுயவெளியீடு, தோழர்களே.

அதற்கும் முன்னால், 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். விலையே பெயரில் இருந்தது. யாரும் நமக்கு அச்சு இயந்திரத்தைத் திறந்துவிட்டு அழைக்கவில்லை. நாமே அச்சுக் கோத்தோம்.

இன்று அச்சிடுவது எளிதாகிவிட்டது. ஆஃப்செட்டில் ஆயிரம் படி போட்டால்தான் கட்டுப்படியாகும் என்றிருந்த காலம் போய், தேவைக்கேற்ப ஐம்பது படிகூட அடிக்கலாம். எளிதானதும் இடையில் கடைகள் வந்துவிட்டன. எங்களிடம் வந்த ஒரு தோழர், ஓய்வுபெற்ற துப்புரவுப் பணியாளர். ஓய்வூதியப் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாயை ஒரு நிறுவனத்திடம் கட்டியிருந்தார். எடிட்டிங், அட்டை, ஐஎஸ்பிஎன் எல்லாம் சேர்த்த ‘பேக்கேஜ்’. எடிட்டிங் என்ற பெயரில் ஒரு மென்பொருளில் போட்டு ஒற்றுப்பிழை திருத்தியிருக்கிறார்கள், அதுவும் பாதி. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியதில் கொம்புகள் இடம் மாறிக் கிடந்தன. ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாகக் காசு. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது; தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம். உரிமைப் பக்கத்தில் காப்புரிமை நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர்; எழுத்தில் கொடுத்தால் ஒழிய அது கைமாறாது. இதைச் சொன்னபோது அவர் கேட்டது: “அப்ப அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சிட்டு விக்கலாமா?”

அடுத்தவரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. நாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கீழத்தஞ்சைப் பக்கத்து அம்மா ஒருவர் தன் வரலாறு எழுதிக் கொடுத்தார். அறுபது வயதுக்கு மேல். மூன்று குயர் நோட்டு. ஆண்டை வீட்டில் சாணி அள்ளியதில் தொடங்கி, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனது வரை. அதில் ஆண்டையின் பத்து வயதுப் பையன் ‘வந்தாங்க, சொன்னாங்க’ என்று வருவான். எழுதியவரின் தாத்தா ‘வந்தான், போனான்’ என்று வருவார். எங்களுக்குக் கொதித்தது. அரசியல் தெரிந்தவர்கள் அல்லவா நாங்கள்! தாத்தாவுக்கு ‘ஆர்’ விகுதி போட்டோம். ஆண்டை மகனை ‘வந்தான்’ ஆக்கினோம். நூற்று எண்பது பக்கமும் தேடித் தேடி மாற்றினோம். பெருமையாகத்தான் இருந்தது.

மெய்ப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பதினைந்து பக்கம் போயிருக்கும். நிறுத்தச் சொன்னார். “இவ்வளவு தைரியம் அப்ப ஏது தம்பி எங்களுக்கு? இப்படிப் பேசியிருந்தா அன்னிக்கே கட்டிவெச்சு அடிச்சிருப்பாங்க. பயத்த எடுத்துட்டீங்களே.” பிறகு நோட்டை வாங்கி ஓர் இடத்தைக் காட்டினார். திருப்பூர் போன நாலாம் வருஷம், பொங்கலுக்கு ஊர் திரும்புகிறார். பேருந்து நிறுத்தத்தில் அதே பையன், இப்போது வளர்ந்தவன், எதிரில் நிற்கிறான். அங்கேதான் முதல்முறையாக ‘நின்றான்’ என்று எழுதியிருக்கிறார். அதே பத்தியில் தாத்தா, இறந்துபோனவர், ‘அவர்’ ஆகிறார். அந்த அம்மா எந்த இலக்கணப் புத்தகமும் படித்தவரில்லை. தன் விடுதலையை விகுதியில் எழுதி வைத்திருந்தார். நாங்கள் முதல் பக்கத்திலேயே எல்லாருக்கும் விடுதலை கொடுத்து, அவருடைய பேருந்து நிறுத்தத்தை இல்லாமல் ஆக்கிவிட்டோம்.

எல்லாவற்றையும் திரும்ப மாற்ற இருபது நாள் ஆனது. அதற்குப் பின் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. வினை முற்றையும் விளிச்சொல்லையும் எழுதியவரைக் கேட்காமல் தொடுவதில்லை.

இதைச் சொல்வதால் எடிட்டிங்கே வேண்டாம் என்று புரிந்துகொள்ளாதீர்கள். கைபடாத எழுத்துதான் உண்மையான தலித் எழுத்து என்று நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்வதுண்டு. அதில் ஒரு சோம்பல் இருக்கிறது, கொஞ்சம் அவமதிப்பும் இருக்கிறது. அந்த அம்மாவின் நோட்டில் ஒரே சாவு மூன்று இடங்களில் வந்தது. எது இருக்க வேண்டும் என்று கேட்டோம், இரண்டை அவரே அடித்தார். ஊர்க் கலவரத்தில் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் அப்படியே இருந்தது. அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டுவரச் சொன்னோம். போனார், பெயரை எடுத்துவிட்டார். வெண்மணியைத் தவறான ஆண்டில் எழுதியிருந்தார். 1968 டிசம்பர் 25 என்று திருத்தினோம். நாளை நீதிமன்றத்திலோ ஆய்வரங்கிலோ இந்த நூலை ஒருவர் சாட்சியாக வைக்கும்போது, ஒரு தேதிப் பிழையைக் காட்டி முழு நூலையும் பொய் என்பார்கள். நம் எழுத்துக்கு அந்த ஆபத்து கூடுதலாக உண்டு.

இனி அட்டை. அச்சகத்தில் ரேப்பர் என்பார்கள். நம் புத்தகங்களின் அட்டைகளை ஒரு நாள் தரையில் பரப்பிப் பார்த்தோம். பறை, வெடித்த பாதம், எரியும் குடிசை, முதுகு காட்டி நிற்கும் பெண். பறை ஆகாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கணக்காளராக முப்பது ஆண்டு வேலை பார்த்த ஒருவரின் காதல் கவிதைக்கும் பறைதானா? வடிவமைப்பாளர்கள் பலர் கைப்பிரதியைப் படிப்பதில்லை, ஆசிரியரின் சாதியைப் படிக்கிறார்கள். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த அம்மாவுக்கும் நாங்கள் முதலில் வைத்தது இணையத்தில் எடுத்த ஒரு குடிசைப் படம்தான். “எங்க வீடு ஓட்டு வீடு. இது யாரு வீடு?” என்றார். வேறென்ன வைக்கலாம் என்று கேட்டதும் உள்ளே போய் ஓர் எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்தார். பனியன் கம்பெனியின் முதல் சம்பளத்தில் வாங்கியது. கடைக்காரரிடம் பெயர் வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார். அதுவரை ஊரில் அவர் பெயரை யாரும் முழுதாகச் சொன்னதில்லையாம். புள்ளி புள்ளியாக வெட்டிய அந்தப் பெயரைக் கைபேசியில் சாயங்கால வெளிச்சத்தில் படமெடுத்தோம். அட்டை முழுக்க அதுதான். ஆசிரியர் பெயரைத் தனியாக அச்சடிக்கவே தேவைப்படவில்லை.

அதிலும் ஒரு கோளாறு செய்தோம். முதுகின் அகலத்தை ஒரு தாளுக்குக் கணக்குப் போட்டோம். அச்சகத்தில் அது தீர்ந்துபோய் மெல்லிய தாளில் அடித்துவிட்டார்கள். முதுகிலிருந்த தலைப்பு பாதி முன்னட்டைக்கு வழுக்கி வந்துவிட்டது. இருநூறு படி. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் போடும்போது தாளைக் கையில் தொட்டுப் பார்த்து, உறுதி செய்துவிட்டு முதுகைக் கணக்கிடுங்கள்.

அச்சானதும் கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் படி அனுப்புங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கடமை. நம்மவர் பலர் செய்வதில்லை. அயோத்திதாசரின் எழுத்துகள் தொகுதிகளாக நம் கைக்கு வர 1999 ஆனது. அதுவும் யாரோ சிலர் பழைய இதழ்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்.

நேரமாகிவிட்டது. வாசலில் மேசைமேல் அடுத்த நூலின் மெய்ப்பு இருக்கிறது, பன்னிரண்டு ஃபாரம். எழுதியவர் மலக்குழியில் அண்ணனை இழந்த ஒரு கல்லூரி மாணவி. போகும்போது ஆளுக்குப் பதினாறு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பேனாவும் வைத்திருக்கிறோம். சந்தேகம் வந்தால் அடிக்க வேண்டாம், ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தந்தால் போதும்.