சினம் மட்டும் போதாது; கணக்குக் கேட்கும் அமைப்பு வேண்டும்

(பெங்களூருவில் 2025 நவம்பரில் நடைபெற்ற, தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஊழலும் மக்களின் சினமும்' என்னும் தலைப்பை எனக்குத் தந்திருக்கிறீர்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன். எனவே ஒரு சொல்லிலிருந்து தொடங்க அனுமதியுங்கள்.

இந்நகரின் கன்னட நாளேடுகளில் நாள்தோறும் 'பிரஷ்டாசாரா' என்னும் சொல்லைக் காண்கிறோம். ஒழுக்கத்திலிருந்து வழுவுதல் என்பது அதன் பொருள். தமிழில் நாம் 'ஊழல்' என்கிறோம். கெட்டு அழுகியது என்பது அச்சொல்லின் பழம்பொருள். முதற்சொல் தனிமனிதரின் தவறைச் சுட்டுகிறது. இரண்டாவது சொல் ஒரு பொருளின் நிலையைச் சுட்டுகிறது. வழுவியவரைப் பதவியிலிருந்து இறக்கினால் முதற்சொல்லின்படி குற்றம் தீர்ந்துவிடும். கூடையே அழுகியிருந்தால் மேலே கிடக்கும் ஒரு பழத்தை எடுத்தெறிந்து என்ன பயன்? கர்நாடகத்தின் கடந்த பதினைந்து ஆண்டு அரசியலைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும்.

மாறிய ஆட்சிகள், மாறாத ஏற்பாடு

2011 ஜூலையில் லோக் ஆயுக்தா நீதிபதி சந்தோஷ் ஹெக்டே, சட்டவிரோத இரும்புத்தாதுச் சுரங்கங்கள் குறித்த அறிக்கையை அளித்தார். 2006 முதல் 2010 வரை அரசுக்கு ஏற்பட்ட இழப்பு ரூ.16,085 கோடி என அது கணக்கிட்டது. பல்லாரி மண்ணில் சுரங்கப் பணிகளை உச்சநீதிமன்றம் நிறுத்தியது. ஜூலை 31 அன்று முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலகினார். மக்கள் சினம் வென்றது என்று அன்று எழுதினார்கள். 2013 தேர்தலில் ஆட்சியும் மாறியது.

அடுத்து வந்த காங்கிரஸ் அரசு என்ன செய்தது? 2016 மார்ச்சில் ஊழல் தடுப்புப் படை என்று ஒன்றை அமைத்து, லோக் ஆயுக்தாவிடமிருந்த விசாரணை அதிகாரத்தை அங்கே மாற்றியது. சுரங்கக் கொள்ளையை வெளிக்கொணர்ந்த அமைப்பின் பற்களே பிடுங்கப்பட்டன. 2022 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அந்தப் படையைக் கலைத்த பிறகே அதிகாரம் திரும்பியது. இடையில் 2016 அக்டோபரில் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் எடியூரப்பாவை விடுவித்தது. 2019இல் அவர் மீண்டும் முதலமைச்சரானார். சுரங்க அதிபர் காலி ஜனார்த்தன ரெட்டிக்கு ஓபுலாபுரம் வழக்கில் இவ்வாண்டு மே மாதம் ஏழாண்டுத் தண்டனை கிடைத்தது. வழக்குப் பதிவானது 2009இல். தீர்ப்பு வந்த அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. அவருடைய சட்டமன்ற உறுப்பினர் பதவியும் திரும்பியது.

அடுத்த அலை 2021இல் எழுந்தது. ஆளுங்கட்சியினருக்கும் அதிகாரிகளுக்கும் ஒப்பந்தத் தொகையில் நாற்பது விழுக்காடு தர வேண்டியிருக்கிறது என்று மாநில ஒப்பந்ததாரர் சங்கத் தலைவர் கெம்பண்ணா பிரதமருக்கே கடிதம் எழுதினார். 2022 ஏப்ரலில் பெலகாவியைச் சேர்ந்த ஓர் ஒப்பந்ததாரர், அமைச்சர் ஈஸ்வரப்பா மீது கமிஷன் புகார் கூறியபின் உடுப்பி விடுதியறையில் பிணமாகக் கிடந்தார். அமைச்சர் பதவி விலகினார். சில மாதங்களில் அவர் மீது ஆதாரமில்லை என்று காவல்துறை அறிக்கை அளித்தது. 'பேசிஎம்' சுவரொட்டிகள் பெங்களூருச் சுவர்களை நிறைத்தன. 2023 மே மாதத் தேர்தலில் காங்கிரஸ் 135 இடங்களைப் பெற்றது.

ஓராண்டு கழிந்தது. 2024 மே மாத இறுதியில் மகரிஷி வால்மீகி பழங்குடியினர் வளர்ச்சிக் கழகத்தின் கணக்குக் கண்காணிப்பாளர் ஒருவர், தம் மேலதிகாரிகளைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். கழகத்தின் ரூ.187 கோடி முறைகேடாக இடம் மாறியது என்பது குற்றச்சாட்டு. 'அவ்வளவு இல்லை, ரூ.89.62 கோடிதான்' என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் விளக்கமளித்தார். அமைச்சர் நாகேந்திரா பதவி விலகினார், பின்னர் கைதானார். பழங்குடி இளைஞருக்குத் தொழிற்கடனாகவும் நிலமில்லாத குடும்பத்துக்கு நிலமாகவும் ஆழ்துளைக் கிணறாகவும் சென்றிருக்க வேண்டிய பணம் அது. அந்தப் புகாருக்கு மூன்று மாதம் முன்பே, 2024 பிப்ரவரியில், அதே கெம்பண்ணா, நாற்பது விழுக்காட்டு வழக்கம் இந்த ஆட்சியிலும் தொடர்கிறது என்று கூறியிருந்தார்.

இரு கட்சிகளும் ஒன்றே என்று இதிலிருந்து நான் முடிவுகட்டவில்லை. வகுப்புவாத அரசியலின் அபாயம் தனியானது; அதை நம் கட்சி தெளிவாக வரையறுத்திருக்கிறது. மக்களின் சினம் இருமுறை ஆட்சியை மாற்றியது. ஒப்பந்த ஏற்பாட்டை ஒருமுறையும் தொடவில்லை. இதையே நான் சுட்ட விரும்புகிறேன்.

நாற்பது ரூபாய் எங்கிருந்து வருகிறது?

நூறு ரூபாய் வேலையில் நாற்பது ரூபாய் கமிஷன் என்றால், மீதி அறுபதில் ஒப்பந்ததாரர் தம் இலாபத்தை எடுப்பார். அதன் பிறகு எஞ்சுவதில்தான் தாரும் ஜல்லியும் கூலியும். தார் மெலிந்தால் அடுத்த மழையில் சாலை பெயர்கிறது. அதை நகரமே பார்க்கிறது, நடுத்தர வர்க்கம் சினம் கொள்கிறது, தொலைக்காட்சியில் விவாதம் நடக்கிறது. கூலி மெலிந்தால் அதை யாரும் பார்ப்பதில்லை.

இந்நகரின் தெருக்களைப் பெருக்கும் பௌரகார்மிகர்களை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் தலித் பெண்கள்; தெலுங்கும் தமிழும் கன்னடமும் பேசுபவர்கள். நீண்டகாலம் அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்களாகவே இருந்தார்கள். மாநகராட்சி பணத்தை ஒப்பந்ததாரருக்குத் தரும். அவர் தாம் நினைத்ததைத் தருவார். வருங்கால வைப்புநிதி பிடிக்கப்படும். கட்டப்பட்டதற்கு ரசீது இருக்காது. விடியற்காலையில் மஸ்டரிங் இடத்தில் வருகை எடுக்கும்போது, தம் பெயருக்குக் கீழே படிக்கப்படும் சில பெயர்களுக்கு ஆளே இல்லாததைத் தொழிலாளர்கள் நாள்தோறும் கண்டார்கள். ஊழலை முதலில் அறிந்தவர்கள் அவர்கள்தாம். லோக் ஆயுக்தாவுக்கும் தணிக்கை அதிகாரிக்கும் முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது.

2017இல் விரல்ரேகை வருகைப்பதிவு வந்தது. ஒப்பந்ததாரர் பட்டியலுக்கும் தெருவில் நின்றவர்களின் எண்ணிக்கைக்கும் இடையே ஆயிரக்கணக்கில் வேறுபாடு தெரிந்தது. இங்கே ஒரு பாடம் இருக்கிறது, தோழர்களே. மேலிருந்து வந்த அந்தத் திருத்தம் போலிப் பெயர்களோடு உண்மையான தொழிலாளர்களின் ஊதியத்தையும் நிறுத்திவைத்தது. 2018 ஜூலையில், மாதக்கணக்கில் ஊதியம் வராத ஒரு தொழிலாளி தற்கொலை செய்துகொண்டார். திருடியவர்களின் கணக்கைச் சரிசெய்தபோதும் விலை கொடுத்தவர் உழைத்தவரே. பட்டியலைத் திருத்தும் இடத்தில் தொழிலாளர் சங்கத்துக்கு இடமிருந்திருந்தால், யார் உண்மை, யார் போலி என்பதை ஒரு காலைப்பொழுதில் சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் ஓயவில்லை. ஒப்பந்த முறை போய் நேரடி ஊதியம் வந்தது. 2022 ஜூலை முதல் நாள் பணிநிரந்தரம் கேட்டு மாநிலமெங்கும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நான்கு நாள் குப்பை தேங்கிய பிறகு அரசு பேச வந்தது. இவ்வாண்டு மே தினத்தன்று பெங்களூருவில் 12,692 பேருக்குப் பணிநிரந்தர ஆணை வழங்கப்பட்டது. குப்பை வண்டி ஓட்டுநர்கள், உதவியாளர்கள் எனப் பலருக்குப் போராட்டம் இன்னும் முடியவில்லை. ஆயினும், இந்தப் பதினைந்து ஆண்டில் ஊழலின் ஒரு ஊற்றுக்கண்ணை உண்மையில் அடைத்தவர்கள் யார் என்று கேட்டால், துடைப்பம் ஏந்திய இந்தப் பெண்களைத்தான் நான் காட்டுவேன். ஆட்சியைக் கவிழ்த்த அலைகள் செய்யாததை ஒரு சங்கக் கோரிக்கை செய்தது.

சினத்தை அறுவடை செய்தவர்கள்

2011இல் தில்லி ஜந்தர் மந்தரில் அண்ணா ஹசாரே உண்ணாநோன்பு இருந்தபோது, நம் சுதந்திரப் பூங்காவும் நிறைந்து வழிந்தது நினைவிருக்கும். சினம் உண்மையானது. ஆனால் அந்த மேடையில் இலஞ்சம் வாங்குபவர் மட்டும் குற்றவாளி; கொடுத்துச் சுரங்கத்தையும் நிலத்தையும் அலைக்கற்றையையும் பெற்ற பெருமுதலாளி கண்ணில் படவில்லை. அந்தச் சினத்தை 2014இல் யார் அறுவடை செய்தார்கள் என்பதை அறிவோம்.

லோக்பால் சட்டம் 2013 டிசம்பரில் நிறைவேறியது. முதல் லோக்பால் நியமிக்கப்பட்டது 2019 மார்ச்சில். 2025 அக்டோபரில் அந்த லோக்பால் ஏழு பி.எம்.டபிள்யூ. கார்கள் வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒன்றின் விலை ஏறத்தாழ ரூ.70 இலட்சம். விரயத்தைத் தடுக்கப் பிறந்த அமைப்பின் நிலை இது.

இலஞ்சத்தைச் சட்டமாக்கியதே தேர்தல் பத்திரம். கொடுத்தவர் பெயரை மக்கள் அறியக்கூடாது என்று விதி வைத்தார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வெளியான விவரப்படி பாரதிய ஜனதா கட்சி பெற்றது ரூ.6,000 கோடிக்கு மேல். பத்திரப் பணத்தை இடதுசாரிகள் ஏற்க மறுத்தோம்; நீதிமன்றத்திலும் எதிர்த்தோம். அதைப் பெருமையோடு சொல்லலாம்.

மறுபுறம், ஊழல் எதிர்ப்பே அதிகார முறைகேட்டின் கருவியாகிறது. பத்தாண்டுகளில் அரசியல்வாதிகள் மீது அமலாக்கத்துறை பதிந்த வழக்குகள் 193. தண்டனையில் முடிந்தவை இரண்டு. இது இவ்வாண்டு மார்ச்சில் ஒன்றிய அரசே மாநிலங்களவையில் தந்த கணக்கு. இத்தகைய துறையைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பது நாள் சிறையிலிருந்தால் முதலமைச்சரும் பதவியிழப்பார் என்னும் 130ஆவது அரசமைப்புத் திருத்த மசோதாவை ஆகஸ்டில் கொண்டுவந்தார்கள். தீர்ப்பே இல்லாமல் ஆட்சியைக் கவிழ்க்கும் வழி அது. ஊழலின் மீது மக்கள் கொண்ட வெறுப்பைக் காட்டியே அதை நியாயப்படுத்துகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதலில் ஒரு தன்விமர்சனம். சில ஆண்டுகளுக்கு முன், விதவை ஓய்வூதியத்துக்கு அலைந்த ஒரு தாயோடு நான் ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கே தரகர் கேட்ட தொகையைப் பேசிப் பேசிப் பாதியாகக் குறைத்தேன். அந்த அம்மா கைகூப்பி நன்றி சொன்னார். மக்களுக்கு உதவிய நிறைவோடு வீடு திரும்பினேன். அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அந்தத் தரகரிடம் தங்களுக்கும் பேசித்தர வேண்டும் என்றார்கள். அன்றுதான் விளங்கியது: அந்தத் தெருவுக்கு நான் கட்சித் தோழனாகத் தெரியவில்லை, தரகருக்குத் தரகனாகத் தெரிந்திருக்கிறேன். காத்தா மாற்றத்துக்கும் குடும்ப அட்டைக்கும் நம்மில் எத்தனை பேர் இப்படிச் செய்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது வேறு. கர்நாடகத்தில் 2011ஆம் ஆண்டின் சகாலா சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு ஒப்புகை எண் கேட்டுப் பெற வேண்டும். குறித்த நாளில் பணி முடியாவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு உண்டு. தொகை சிறிது, ஆனால் கெஞ்சுபவர் கேட்பவராக மாறுகிறார். அந்த நால்வரையும் சேர்த்து ஒரே நாளில் நான்கு ஒப்புகை எண்கள் பெற்றிருந்தால் அது ஒரு கிளையின் தொடக்கமாகியிருக்கும்.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டம். உங்கள் தெருச் சாலையின் பணி ஆணை, அளவைப் புத்தகம், பட்டியல் தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் விடை தர வேண்டும். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொற்களுக்குள். கன்னடத்தில் எழுதத் தயங்குபவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். விடையைப் பெட்டியில் பூட்டாமல், தெருமுனையில் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் தெலுங்கிலும் படித்துக்காட்டுங்கள். அந்தச் சாலையில் வேலை செய்த கூலியாளை அழைத்து, எத்தனை நாள் கூலி பெற்றார் என்று கேளுங்கள். இதுவே சமூகத் தணிக்கை.

மூன்றாவது, உள்ளாட்சித் தேர்தல். 2020 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. இவ்வாண்டு செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். அவற்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினரும் இல்லை. இந்த வெறுமையில்தான் ஹெப்பாள் முதல் சில்க் போர்டு வரை, சுமார் 17 கிலோமீட்டர் சுரங்கச் சாலைக்கு ரூ.17,000 கோடிக்கு மேல் திட்டமிடுகிறார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. தேர்தல் கோரிக்கையை ஒவ்வொரு தெருக்கூட்டத்திலும் எழுப்ப வேண்டும்.

1871இல் பாரிசுத் தொழிலாளர்கள் தம் கம்யூனை அமைத்தபோது, பொறுப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கப்படலாம். தொழிலாளியின் ஊதியமே அவர்களுக்கும் ஊதியம். ஊழலுக்கு மார்க்ஸ் கண்ட மருந்து அதில் இருக்கிறது. கணக்கு மக்களின் கையில் இருக்க வேண்டும். அதற்கு நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் மஸ்டரிங் இடத்தில் ஒரு பெண் எழுந்து, 'இந்தப் பெயருக்கு ஆள் எங்கே?' என்று அச்சமின்றிக் கேட்கும் நாளில் அந்தப் பாதை தொடங்கிவிடுகிறது. அவர் பின்னால் ஒரு சங்கம் நிற்க வேண்டும். அந்தச் சங்கத்தில் நாம் இருக்க வேண்டும்.

இன்றைய வகுப்பு முடிந்து செல்லும்போது ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதன் கணக்கைக் கேட்டு மனு எழுதட்டும். அடுத்த வகுப்பில் அந்த விடைகளிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.