மணிக்கட்டில் ஒரு கணக்குப்பிள்ளை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாட்டையும் நாடகத்தையும் எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் அவையில் நோயைப் பற்றிப் பேச எழுவதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். நாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். ஆயினும் கணக்கு என்பது நமக்குப் பழகிய பொருள். இன்று நம் குடியிருப்பில் பலருடைய மணிக்கட்டில் ஒரு கணக்குப்பிள்ளை குடியேறியிருக்கிறான். எத்தனை அடி நடந்தீர், எத்தனை மணி நேரம் உறங்கினீர், நெஞ்சு எத்தனை முறை துடித்தது என்று இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கிறான். அக்கணக்கு, மனம் சோர்ந்தும் பதறியும் இருப்பவர்க்கு உதவுகிறதா, ஊறு செய்கிறதா என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அடியை எண்ணுவது அமெரிக்கர் கண்ட புதுமை என்று எண்ண வேண்டா. 1802ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய பெரிய நில அளவைப் பணி, பின்னர் டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டது. அங்கே பயிற்சி பெற்ற குமாவூன் பள்ளி ஆசிரியர் நயின் சிங், 1866இல் மாறுவேடத்தில் லாசா நகரை அடைந்தார். வழிநெடுக அவர் செய்த வேலை அடி எண்ணுவதே. 108 மணிகள் இருக்கவேண்டிய செபமாலையில் 100 மணிகளை மட்டும் கோத்துக்கொண்டு, நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினார். பார்ப்பவர் பக்தி என்று நினைத்தனர். அவர் எண்ணியது நாட்டை அளப்பதற்கு. நாம் எண்ணுவது நம்மையே அளப்பதற்கு. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோமல்லவா? அவ்வெண் மருத்துவ நூலிலிருந்து பிறந்ததன்று. 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. மறு ஆண்டில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் செருகிக்கொள்ளும் சிறு கருவியை விற்பனைக்குக் கொணர்ந்து, "பத்தாயிரம் அடி அளவி" என்று பொருள்படும் "மான்போ-கெய்" என்னும் பெயரை இட்டது. விற்பனைக்காக வைத்த பெயர் உலகுக்கே விதியாகிவிட்டது. சராசரி 72 வயதுள்ள 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்க மூதாட்டியரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களுக்கு ஆயுள் நீளும் நன்மை ஏறத்தாழ 7,500 அடியிலேயே நிலைபெற்றுவிடுகிறது என்று காட்டியது.

கருவி வேலை செய்யும் முறையை நெடிதாக விரிக்கத் தேவையில்லை. கை வீசும் அசைவை உள்ளிருக்கும் சிறு உணர்பொறி கண்டு அடியாகக் கணக்கிடுகிறது. அடிப்பக்கத்தில் மின்னும் பச்சை ஒளியைக் குருதி உறிஞ்சும் ஏற்றத்தாழ்விலிருந்து நாடித்துடிப்பை அறிகிறது. ஆகவே, இரு கைகளிலும் காய்கறிப் பையைத் தாங்கி மாடியேறும் அம்மையாரின் உழைப்பில் ஒரு பகுதி கணக்கிலேயே ஏறாமற் போகலாம். அமர்ந்தபடி கையை ஆட்டிப் பேசும் நம் போன்றோர்க்குச் சில அடிகள் இலவசமாகக் கிடைக்கலாம்!

இனி மனத்துக்கு வருவோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இந்நாட்டில் இருபது பேரில் ஒருவர் மனச்சோர்வு நோயை அறிந்தவர் என்று கணித்தது. பெண்டிரிடம் அது மிகுதி. மனநோயுற்றோருள், நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை மருத்துவம் பெறாதிருந்தனர். இருபதில் ஒருவர் என்றால் இந்த அரங்கில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் வீடுகளில் இந்நோய் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடம்பு வலி, தூக்கமின்மை, பசியின்மை, "ஒன்றுமில்லை, சும்மா படுத்திருக்கிறேன்" என்றெல்லாம் வேடமிட்டு வருகிறது. ஊரை விட்டு வந்தோர், திண்ணையும் தெருவும் இல்லாத அடுக்குக் குடியிருப்பில், ஜனவரிக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டால், உள்ளே நடப்பது அயலார்க்குத் தெரிவதில்லை.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். பெயர் வேண்டா, அவருடைய இசைவு பெற்றே இதைச் சொல்கிறோம். பணி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் அன்போடு ஒரு கைக்கடிகாரம் அனுப்பினான். முதல் மாதம் குழந்தைபோல் மகிழ்ந்தார். சந்தித்தவர்க்கெல்லாம் எண்ணைக் காட்டினார். குளிர்காலம் வந்தது, நடை குறைந்தது. கடிகாரமோ பத்தாயிரத்திலேயே நின்றது. ஒவ்வோர் இரவும், "இலக்கை எட்டவில்லை" என்பதே அவர் கண்ட கடைசிச் செய்தி. ஒரு நாள் அதைக் கழற்றி அலமாரியில் போட்டார். அடுத்த வாரம் செய்தித்தாள் எடுக்கவும் வாசலுக்கு வரவில்லை. நாம் போய்ப் பார்த்தபோது, "தம்பி, வீட்டில் என்னைக் கடிந்துகொள்ள ஆளில்லை என்று பையன் இந்தப் பொறியை அனுப்பினான் போலும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மனச்சோர்வு கொண்டவன் முன்னரே தன்னைத் தோற்றவன் என்று தீர்மானித்திருப்பவன். அவனிடம் எட்டாத எண்ணைக் காட்டினால், அத்தீர்ப்புக்கு முத்திரை குத்தியதாகவே முடியும்.

உடற்பயிற்சியின் பயனில் ஐயம் வேண்டா. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தார் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயது கடந்த மனச்சோர்வு நோயாளர் 156 பேர் மூன்று பிரிவாயினர். ஒரு பிரிவினர் பயிற்சி செய்தனர். மற்றொரு பிரிவினர் மருந்துண்டனர். மூன்றாம் பிரிவினர் இரண்டும் மேற்கொண்டனர். 16 வாரங்களுக்குப் பின் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தனர். தொடக்கத்தில் மருந்து சற்று விரைந்து வேலை செய்தது. பயிற்சிப் பிரிவினர் வாரம் மும்முறை கூடி, மேற்பார்வையுடன் செய்தனர் என்பதை மறக்கலாகாது. தனியறையில் கடிகாரத்தோடு போராடியவர் அல்லர். 2024இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பு, 218 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நடை, மெல்லோட்டம், யோகம், தசைவலுப் பயிற்சி ஆகியவை சோர்வைத் தணிக்கின்றன என்றது.

கருவியின் பயன் என்ன? 2022இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் ஆஸ்திரேலியர் வெளியிட்ட பெருந்தொகுப்பு, கருவி அணிவோர் நாளொன்றுக்குச் சுமார் 1,800 அடி கூடுதலாக நடக்கின்றனர் என்றது. வாழ்க்கைத் தரம் முதலியவற்றில் கண்ட மாற்றமோ சிறிதே. காலை அசைக்கக் கருவிக்குத் தெரிகிறது. மனத்தை அசைப்பது அத்துணை உறுதியில்லை. 2024இன் இறுதியில் வந்த மற்றொரு தொகுப்பு, 33 ஆய்வுகளில் 96,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு, 5,000 அடிக்கு மேல் நடப்போரிடம் சோர்வின் அறிகுறிகள் குறைவு என்றும், ஓராயிரம் அடி கூடுவதற்கே பிற்காலச் சோர்வின் வாய்ப்பு குறைகிறது என்றும் கண்டது. நடந்ததால் சோர்வு குறைந்ததா, சோர்வில்லாததால் நடந்தார்களா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, இவ்வகை ஆய்வு அதற்கு முடிவான விடை தராது. எனினும் பத்தாயிரம் என்னும் மிரட்டலைவிட, நேற்றையினும் சில நூறு அடி கூடுதல் என்பது சோர்ந்தவர்க்குத் தாங்கக்கூடிய கணக்கு.

பதற்ற நோயாளர் நிலை வேறு. இவர்கள் நாடியெண்ணை மணிக்குப் பத்துத் தடவை பார்ப்பர். பார்த்ததாலேயே நாடி விரையும். விரைந்ததைக் கண்டு மேலும் அஞ்சுவர். உறக்கத்திலும் இதே கதை. கடிகாரம் தரும் உறக்கக் கணக்கைத் திருத்த முயன்று, அந்தக் கவலையாலேயே உறக்கம் கெட்டவர்களைப் பற்றி 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதி, அதற்கொரு தனிப்பெயரும் சூட்டினர். இத்தகையோர் படுக்கும் முன் கருவியைக் கழற்றி வைப்பது நன்று. விரைந்து நடக்கையில் நெஞ்சு படபடத்துப் பின் தானே அடங்குவதைப் பலமுறை கண்டால், படபடப்பெல்லாம் ஆபத்தன்று என்று உடலே கற்றுக்கொள்ளும். முன்னமே இருதய நோயிருந்தால் மருத்துவரைக் கேட்ட பின்னரே இதைச் செய்தல் வேண்டும்.

பெரியவர் கதையை முடிக்கவில்லை. அவர் மருத்துவரிடம் சென்றார், மாத்திரை தொடங்கினார். நடை தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று கூறிய அறிவாளிகளும் நம்மிடையே இருந்தனர். மருத்துவர் சொல்லாமல் நிறுத்துவது பெருந்தீங்கு. கடிகாரத்தை அவரே மீண்டும் எடுத்தார். இலக்கை 2,000 என்று மாற்றிக் கொடுத்தவன் பக்கத்து வீட்டுப் பையன். மாலைதோறும் நாம் இருவர் மதர் டெய்ரி வரை அவருடன் நடந்தோம். முதல் வாரம் அவர் ஒன்றும் பேசவில்லை. மனம் வந்த பின் நடப்போம் என்று காத்திருந்தால் மனம் வராது. கால் முதலில் போனால் மனம் பின்னால் சில நாள் வரும், சில நாள் வராது. மார்ச்சில் 4,000 அடி நடந்தார். முழுக்கத் தேறிவிட்டார் என்று சொல்லமாட்டோம். விழாவுக்கு வந்திருக்கிறார்.

நம் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் நாள்தோறும் அடிக்கணக்கை வெளியிட்டு முதலிடம் யாருக்கு என்று போட்டியிடும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. முதல்வர் மகிழ்கிறார், கடைசியில் இருப்பவர் குழுவை விட்டே போய்விடுகிறார். அவரைத்தான் நாம் தேடவேண்டும்.

ஆகவே சங்கத்தின் சார்பில் ஓர் ஏற்பாடு. வரும் ஞாயிறு முதல், மாலை 4 மணிக்கு, குடியிருப்பின் பெரிய வாயிலில் கூடுவோம். காற்றுத் தரக் குறியீடு 300ஐக் கடந்த நாளில் வெளியே செல்லாமல், சங்கத்தின் இந்த அரங்கிலேயே யோகப் பயிற்சி நடைபெறும். பெண்டிர் அடுப்படி வேலையைக் காரணம் காட்டி நின்றுவிடலாகாது. அந்த ஒரு மணி நேரம் ஆடவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். கடிகாரம் அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பம். எண்ணை ஒருவரும் கேட்கமாட்டார். வேகம் குறைந்த பெட்டி ஒன்று இருந்தால் முழு வண்டியும் அதன் வேகத்திலேயே ஓடவேண்டும் என்பது ரயில்வே ஒழுங்கு. அவ்வாறே மெதுவாக நடப்பவர் வேகத்திலேயே எல்லாரும் நடப்போம். நடக்கவும் இயலாத அளவு மனம் வாடியிருப்போர்க்கு, 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416. எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் மருத்துவமனை உண்டு. தனியே செல்லத் தயங்குவோர் நம்மிடம் சொன்னால் உடன் வருகிறோம்.