அம்மா சொன்ன ஈஸ்டர்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குப் பிறந்த நாள் இரண்டு. சான்றிதழில் இருப்பது 1-6-1952. பள்ளியில் சேர்க்கும்போது வயது பத்தவில்லை என்று வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி. நம்மில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்தானே! (சிரிப்பு)

பூண்டி மாதா கோயிலுக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டால், "புயலடிச்சுதே, அதுக்கு அடுத்து வந்த ஈஸ்டர் அன்னிக்குப் பொறந்தேப்பா" என்பார்கள். அது நாகப்பட்டினத்தருகே 1952 நவம்பர் 30-இல் கரை கடந்த புயல். ஆக, 1953 ஈஸ்டர். அது என்ன தேதி?

விடை இந்தக் கல்லூரியில் கிடைத்தது. கணக்குப் பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி; அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால்தான் அது பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டியும், சில வருடம் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டியும் வருகிறது. 2022-இல் ஏப்ரல் 16 சித்திரா பௌர்ணமி, மறுநாள் ஈஸ்டர்.

திருச்சபை வானத்தைப் பார்த்து நாள் குறிப்பதில்லை. அட்டவணையைப் பார்த்தே குறிக்கிறது. 19 ஆண்டுக்கு ஒருமுறை பௌர்ணமி ஏறக்குறைய அதே தேதிக்குத் திரும்பும் என்பதே அதன் அடிப்படை. 2019-இல் மார்ச் 21-ஆம் தேதியே முழு நிலவு வந்தும், அட்டவணைப்படி ஈஸ்டர் ஏப்ரல் 21-க்குப் போய்விட்டது.

1953-ஐ 19-ஆல் வகுத்தால் மீதி 15. அதை 19-ஆல் பெருக்கி 24-ஐக் கூட்டினால் 309. 30-ஆல் வகுக்க மீதி 9. மார்ச் 21-உடன் 9 சேர்த்தால் மார்ச் 30, பௌர்ணமி. அன்று திங்கள். அடுத்த ஞாயிறு ஏப்ரல் 5! 1900 முதல் 2099 வரை இதே கணக்குதான்; அபூர்வமாகச் சில வருடங்களில் மட்டும் பௌர்ணமியை ஒரு நாள் முன்தள்ள வேண்டும்.

விடுமுறையில் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தார்கள். "அஞ்சாந் தேதியா? இருக்கும். பூசை மணி அடிக்கையில பொறந்தே. அதுதான் எனக்குத் தெரியும்" என்றார்கள்.

அரசுப் பணியில் 58 வயது என்று 2010 மே மாதம் ஓய்வு கொடுத்தார்கள். நிஜ வயதுப்படி இன்னும் பதினொரு மாதம் இருந்தது. அந்த வாத்தியார் மேல் வருத்தமில்லை; அவர் இல்லையென்றால் பள்ளிக்கூடமே ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படித் தேதியில்லாத நாட்கள் இருக்கும். புயல், வெள்ளம், திருவிழா, அறுவடை என்று சொல்வார்கள். "அதெல்லாம் எந்தக் காலம்" என்று தள்ளிவிடாதீர்கள். கேட்டு எழுதிவைத்துக் கணக்குப் போடுங்கள். அம்மா மறைந்த பிறகு, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மணி அடிக்கும்போது எனக்கு ஒரு வயது கூடுகிறது.