பார்த்துக்கொள்கிறவரை யார் பார்ப்பது?

(ஏற்காட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "பேங்க் அனுபவத்தைப் பத்தி ஏதாவது ஜாலியா பேசுப்பா" என்றுதான் சொன்னார். அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். காலையில் சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள், நம் செட்டில் மூன்று பேர் தனித்தனியாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு அம்மா, ஒருவருக்கு மாமியார், இன்னொருவருக்கு மனைவி. மூன்று பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். மூன்று பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்கள். அதனால் நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

உங்களில் பலருக்கு என் அப்பாவைத் தெரியும். நாகலூர் போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். விடுமுறைக்கு இங்கே வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்கியவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். முப்பத்தெட்டு வருடம் செக்ரோல் எழுதிய கை அது. எந்த ஆள் எந்தக் காட்டில், யாருக்கு எத்தனை நாள் கூலி பாக்கி, எல்லாம் மனப்பாடம். அப்படிப்பட்டவர் 2012இல், எண்பது வயதில், ஒரு நாள் பால்காரருக்கு மூன்று தடவை பணம் கொடுத்தார். நாங்கள் சிரித்தோம். "தாத்தாவுக்கு அறளை பெயர்ந்துடுச்சு" என்று பேரப்பிள்ளைகள்கூடக் கேலி செய்தார்கள்.

சிரிப்பு ஒரு வருடம்கூட நிற்கவில்லை. சாயங்காலம் பனிமூட்டம் இறங்கினால் அவருக்குள் ஏதோ ஒன்று கிளம்பும். "நேரமாச்சு, பேர் கூப்பிடணும், ஆளுங்க நிக்கறாங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவார். சில நாள், சொந்த வீட்டில் நின்றுகொண்டே "வீட்டுக்குப் போறேன்" என்பார். ஒரு தடவை ராத்திரி முழுக்கக் காணவில்லை. விடியற்காலையில் ஒரு மலையாளிப் பெரியவர், தம் கம்பளியை அப்பாவுக்குப் போர்த்திக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்ல, சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள்.

இதையெல்லாம் நான் பார்த்தது போலச் சொல்கிறேன். உண்மையில் பார்த்தவள் என் மனைவி. எனக்கு அப்போது வெளியூரில் போஸ்டிங். சனிக்கிழமை வருவேன், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவேன். வந்த அன்றைக்கு அப்பா என்னை அடையாளம் கண்டு நன்றாகப் பேசுவார். "நல்லாத்தானே இருக்கார், நீதான் பெரிசு பண்றே" என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. வருடத்துக்கு இரண்டு முறை வருகிற என் அக்கா, "அப்பா இளைச்சுட்டாரே, நேரத்துக்குச் சாப்பாடு போடறதில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இந்த இரண்டு வசனமும் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறது என்று இங்கே இருக்கிற மருமகள்களைக் கேட்டால் தெரியும்.

அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிறகு முதுகுவலி. பிறகு சோறு இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தோம். "ஒண்ணுமில்லை" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

2016இல் நான் ரிட்டயர் ஆகி வீட்டோடு வந்தேன். பதினைந்தாம் நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா "இன்னைக்குப் பழம் எத்தனை கிலோ?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். நாற்பது தடவை இருக்கும். நான் கத்திக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டேன். மறுநாள் அந்த இடம் கன்றிப்போயிருந்தது. எப்படி ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. "எங்கயோ இடிச்சுக்கிட்டேன் போலடா" என்று என்னிடமே காட்டினார்.

பதினைந்து நாளில் நான் அந்த நிலைக்கு வந்துவிட்டேன். அவள் நாலு வருடம் இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அப்பாவை அழைத்துப் போனோம். அவர் அப்பாவைப் பார்த்து, மருந்தெல்லாம் எழுதி முடித்துவிட்டு, என் மனைவி பக்கம் திரும்பி, "நீங்க கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்கினீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். அரை மணி நேரம் அழுதாள். அழுதுகொண்டே, "மாமா போயிட்டா நல்லாருக்கும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன் டாக்டர்" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் கொஞ்சமும் திடுக்கிடவில்லை. "இங்க வர்றவங்க பாதிப் பேர் இதைச் சொல்லுவாங்க. மீதிப் பேர் சொல்லாம எழுந்து போயிடுவாங்க" என்றார். அவளுக்கு இருந்தது மனச்சோர்வு நோய். அதற்குத் தனியாகச் சிகிச்சை கொடுத்தார்.

நண்பர்களே, நான் டாக்டர் இல்லை. ஆனாலும் பட்டுத் தெரிந்துகொண்டதில் சிலவற்றைச் சொல்கிறேன். 2023இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி, அறுபது வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கிறது. சுமார் 88 லட்சம் பேர். ஆனால் தடுமாற்றம் எல்லாமே மறதி நோய் ஆகிவிடாது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இரண்டே நாளில் குழம்பிப் பேசினால், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், ரத்தத்தில் உப்பு இறங்கியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தைராய்டு கோளாறு, பி-12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி வேஷம் போடும். இவற்றுக்கு மருந்து உண்டு. காது கேட்காதவரை "புரியாதவர்" என்று முடிவு கட்டுவதும் நம் வீடுகளில் சகஜம். பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். "உடம்பெல்லாம் நோவு, தூக்கம் இல்லை" என்பார்கள். நாம் தைலம் வாங்கிக் கொடுப்போம்.

அமைதிப்படுத்தும் மருந்து விஷயத்திலும் கவனம் வேண்டும். அப்பா சத்தம் போடக்கூடாது என்று டோஸைக் கூட்டச் சொல்லி நானே கெஞ்சினேன். பகலெல்லாம் தூங்கினார், எழுந்தவர் விழுந்தார். பிறகு குறைத்தோம்.

எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, என் மனைவி கண்டுபிடித்தது. சாயங்காலம் அவர் சட்டையை மாட்டும்போது தடுக்காமல், ஒரு பழைய நோட்டையும் பென்சிலையும் கையில் கொடுத்து, "மாமா, பேர் கூப்பிடுங்க" என்பாள். அவர் இருபது, முப்பது பேரைக் கூப்பிடுவார். பாதிப் பேர் இறந்துபோனவர்கள். இவள் ஒவ்வொருவருக்கும் "இருக்கேனுங்க" என்பாள். நோட்டை மூடிவிட்டுச் சாப்பிட வருவார்.

இன்னொன்று, தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம். எஸ்டேட்டில் அப்பாவிடம் வேலை பார்த்த ஓர் அம்மாள் சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்தார். அந்த இரண்டு மணி நேரம் என் மனைவி வீட்டில் இருக்கக்கூடாது என்பது டாக்டர் கட்டளை. ஏரிக்கரை வரை நடப்பாள், லைப்ரரிக்குப் போவாள், சும்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுவாள். ஆறு வாரத்தில் ஆளே மாறினாள்.

இது எங்கள் வீட்டு அதிசயம் இல்லை. கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய டாக்டர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் வீடு வீடாகப் போய், நோயைப் பற்றி விளக்கி, குறை கேட்டு, தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்பிவைக்கச் செய்தார்கள். பார்த்துக்கொள்கிறவர்களின் மனநிலை தெளிவாகத் தேறியது. நம் மாநிலத்திலும் அடித்தளம் இல்லாமல் இல்லை. 1978இலேயே டாக்டர் வி.எஸ். நடராசன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வருகிற அந்தப் பெண் கிளம்புவதற்குமுன் மருமகளிடமும் "நீ தூங்கறியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவிக்கு 14567. மனநல ஆலோசனைக்கு 14416. அதில் தமிழிலேயே பேசலாம், பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம்.

இன்னொன்று, நம் வயதுக்காரர்களுக்கு. ரிட்டயர் ஆனதும் ஏற்காட்டில் ஒரு காட்டேஜ் வாங்கிக் குளுகுளு என்று இருக்கலாம் என்று பலருக்கு ஆசை. இங்கே பிறந்தவன் சொல்கிறேன்: அறுபதில் வாங்குகிற வீட்டில் எண்பதில் யார் இருப்பார்கள் என்று யோசியுங்கள். பிள்ளைகள் பெங்களூரில், அமெரிக்காவில். பக்கத்து வீடு ஒரு சரிவு தள்ளி. மாதக்கணக்கில் மழையும் மூட்டமும். சிறப்பு டாக்டர் வேண்டுமென்றால் மலை இறங்க வேண்டும். சாத்திய ஜன்னலுக்குள் இருவராக வாடுகிற சில தம்பதிகளை எனக்குத் தெரியும். வாங்கத்தான் வேண்டும் என்றால் எஸ்டேட் ஓரத்தில் வாங்காதீர்கள், பஜார் பக்கத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, செயலாளர் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு விஷயம். சங்க நிதியில் கல்லூரி வாசலுக்கு ஆர்ச் கட்ட உத்தேசம் என்று சுற்றறிக்கை வந்தது. நான் அதை எதிர்க்கவில்லை. சரி, எதிர்க்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை ஒதுக்கினால், சேலத்திலும் ஏற்காட்டிலும் நம் உறுப்பினர் வீடுகளில் பத்து வீட்டுக்காவது வாரம் இரண்டு மத்தியானம் ஆள் அனுப்பலாம். பயிற்சிக்கு மருத்துவர்களைக் கேட்கலாம். மாணவர்கள் கூட வந்து உட்கார்ந்து கதை கேட்கலாம். ஆனால் மாணவர்களை நம்பி மட்டும் தொடங்கக்கூடாது, அவர்களுக்குப் பரீட்சை வந்துவிடும். பொதுக்குழு மூன்று மணிக்கு. தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும்.

அப்பா 2019இல் காலமானார். கடைசி மாதங்களில் என்னை மேனேஜர் துரை என்று நினைத்து எழுந்து நிற்கப் பார்ப்பார். என் மனைவியை மட்டும் கடைசிவரை "அம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

அவளும் இன்று வந்திருக்கிறாள். மேடைக்கு வா என்றேன், மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் காலையில் பேசிய மூன்று பேருக்கும், பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சொல்லச் சொன்னாள்: சாப்பாட்டுக்குப் பிறகு கொல்லைப்புறம் அந்தப் பலாமரத்தடியில் உட்கார்ந்திருப்பாளாம். பெண்கள் மட்டும் இல்லை, ஆண்களும் வரலாமாம்.