படகு சிங்க்குக்கு எந்த பம்பு? பதில் அடிபம்புகிட்ட இருக்கு

பிள்ளையார்பட்டியிலிருந்து பேசுறேன். இந்த எபிசோடுல ஒரு நேயரோட கேள்வியை எடுத்துக்கலாம். அவர் சென்னையில இருக்கார். நண்பரோட சேர்ந்து 24 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒண்ணு வாங்கியிருக்கார். புதுச்சேரி வரைக்கும் ஓட்டிப் போகணும்னு திட்டம். உள்ள ஒரு குட்டி சிங்க், அதுக்கு 50 லிட்டர் டேங்க். "இதுக்கு எந்த பம்பு போடலாம்?"ன்னு கேட்டிருக்கார்.

கடல் பார்க்கணும்னா தொண்டிக்கு பஸ் ஏற வேண்டிய ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு இதுக்கு என்ன பதில்னு நினைக்காதீங்க. சிவகங்கைச் சீமையில தண்ணியை எண்ணிப் புழங்குறது பழைய பழக்கம். செட்டிநாட்டு வீடுகள்ல கூரை நாலு பக்கமும் முற்றத்தை நோக்கிச் சரியும். மழை பெய்தா அந்தத் தண்ணியை அண்டாவுல பிடிச்சு வைப்பாங்க. அண்டாவை எட்டிப் பார்த்தா மிச்சம் எவ்வளவுன்னு தெரியும். குழாயைத் திருகுறவங்களுக்கு அது தெரியாது. படகுலயும் சிக்கல் அதேதான்.

கடையில உங்களுக்கு மூணு வழி இருக்கு. கையால அடிக்கிற பம்பு, காலால மிதிக்கிற பம்பு, 12 வோல்ட் பேட்டரியில ஓடுற பிரஷர் பம்பு. பிரஷர் பம்புல குழாயைத் திறந்தா அழுத்தம் குறையும், உள்ள இருக்கிற சுவிட்ச் மோட்டாரை ஓட்டும். மூடினா தானா நிற்கும். வீட்டுக் குழாய் மாதிரியே சுகம்.

பிரஷர் பம்பு வேண்டாம்னு சொல்றவங்க முதல்ல பேட்டரியைத்தான் காரணம் காட்டுவாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 10 லிட்டர் தள்ளி, 5 ஆம்பியர் இழுக்கிற பம்புன்னு வச்சுக்கோங்க. 50 லிட்டர் டேங்க் 5 நிமிஷத்துல காலி. அதுக்குச் செலவான மின்சாரம் அரை ஆம்பியர்-மணி நேரம்கூட இல்லை. அதனால பேட்டரி பெரிய கவலையே இல்லை. கவலை அந்த 5 நிமிஷம்தான்.

ஒரு கிளாம்ப் தளர்ந்து ஹோஸ் கழண்டுச்சுன்னா, பம்புக்குக் குழாய் திறந்திருக்கிற மாதிரிதான் தெரியும். நீங்க மேல பாயைக் கவனிச்சுக்கிட்டிருக்கும்போது குடிதண்ணி முழுக்கப் படகோட அடியில கொட்டியிருக்கும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடல் வழியா சுமார் 140 கிலோமீட்டர். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம்னா 20 மணி நேரம். காத்து விழுந்துட்டா ரெண்டு நாள்கூட ஆகலாம். மே மாச வெயில்ல குடிதண்ணி இல்லாம அது விளையாட்டு இல்லை.

மிதி பம்புல இந்த ஆபத்து இல்லை. மிதிச்சாத்தான் தண்ணி வரும். காலை எடுத்தா நின்னுடும். ரெண்டு கையும் பாத்திரம் கழுவ ஃப்ரீயா இருக்கும். படகு சாஞ்சு ஓடும்போது ஒரு கையால எதையாவது பிடிச்சுக்கணும். அதனாலதான் கைபம்பைவிட இது மேல்.

இப்போ நம்ம ஊர் அடிபம்புக்கு வருவோம். தெருமுனையில நீங்க பார்த்திருக்கிற அந்த அடிபம்புக்குப் பேர் இந்தியா மார்க் 2. அதுக்கு முன்னாடி கிராமங்கள்ல போட்ட வார்ப்பிரும்பு பம்பு ஒரு குடும்பம் புழங்குறதுக்குச் செஞ்சது. ஊரே அடிச்சதும் உடைஞ்சுது. 1970-கள்ல யுனிசெஃப், மத்திய அரசு, சென்னையில இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனம் எல்லாம் சேர்ந்து உறுதியான மார்க் 2-வைக் கொண்டுவந்தாங்க. கோயம்புத்தூர் பக்கம் சோதனை பண்ணினாங்க.

ஆனா ஒரு பிரச்சினை மிச்சம் இருந்துச்சு. உள்ள ஒரு சின்ன வாஷர் தேய்ஞ்சாலும் கிணத்துக்குள்ள இருக்கிற மொத்த பைப்பையும் மேல தூக்கணும். அதுக்கு வண்டியோட ஆள் வரணும். அதுவரைக்கும் ஊருக்குத் தண்ணி இல்லை. அடுத்து வந்த மார்க் 3-ல பைப்பைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் மேல எடுக்கலாம். ஊர்க்காரங்களே வாஷர் மாத்திக்கலாம்.

படகுக்கும் அதே கேள்விதான். எத்தனை லிட்டர் தள்ளும்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, நடுக்கடல்ல நின்னா அதை யார் சரி பண்ணுவா, எதை வச்சுன்னு பாருங்க. மிதி பம்புன்னா உள்ள ஒரு ரப்பர் டயாஃப்ரம், ரெண்டு வால்வு. ஒரு ரிப்பேர் கிட், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். பிரஷர் பம்புன்னா மோட்டார், சுவிட்ச், ஒயர், ஃபியூஸ். உப்புக்காத்துல இதுல எது வேணும்னாலும் கெடலாம்.

அதனால என் பதில்: முதல்ல மிதி பம்பு. பிரஷர் பம்பும் ஆசையா இருந்தா அதைத் தனியா வச்சுக்கோங்க. தேவைப்படும்போது மட்டும் அதோட மெயின் சுவிட்சைப் போடுங்க. எந்தக் குழாயும் திறக்காதப்போ ராத்திரியில பம்பு ஒரு செகண்ட் ஓடி நின்னா, எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம்.

இன்னும் சில விஷயங்கள். காரைக்குடியில மருந்தடிக்கிற பேட்டரி ஸ்ப்ரேயரோட பம்பு மலிவா கிடைக்கும். பார்க்க படகு பம்பு மாதிரியே இருக்கும். குடிதண்ணிக்கு அது வேண்டாம். மருந்து பட்ட பழைய பம்புன்னா தொடவே கூடாது. ஹோஸ் குடிநீருக்கானதா இருக்கட்டும். வெளிச்சம் புகுற ஹோஸ்ல பாசி பிடிக்கும். பம்புக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் வைங்க. இடம் இருந்தா கடல்தண்ணிக்கு இன்னொரு மிதி பம்பு போடுங்க. துறைமுகத்தை விட்டு வெளியே போனதும் பாத்திரத்தை அதுல தேய்ச்சுட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி.

கிளம்புறதுக்கு முன்னாடி 10 மிதிக்கு எவ்வளவு தண்ணி வருதுன்னு ஒரு பாத்திரத்துல பிடிச்சு அளந்து, சிங்க் பக்கத்துல எழுதி ஒட்டுங்க. எட்டிப் பார்க்க அண்டா இல்லாத இடத்துல அந்தச் சீட்டுதான் உங்க கணக்கு. டேங்கை நம்பாம 20 லிட்டர் கேன் ஒண்ணையும் தனியா கட்டி வைங்க. அதுக்கு பம்பே வேண்டாம், சாய்ச்சு ஊத்தினாப் போதும்.

போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.